காசு கொடுத்தால் க்யூ குறையுமா? ஒரு கணக்கு



மலருக்குக் கட்டுரை கேட்டு பேரவைச் செயலாளர் அண்ணன் வகுப்புக்கு வந்தபோது டிரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதைப் போன வருட மலரிலேயே ஒருவர் எழுதிவிட்டார். ஆகவே ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நான் படித்த பாடத்தையே எழுதுகிறேன். பாடத்தின் பெயர் க்யூ!

போன வருடம் இன்டஸ்ட்ரியல் விசிட் போனது நினைவிருக்கும். காலையில் தொழிற்சாலை, மத்தியானம் தீம் பார்க். பார்க்கின் பெயர் வேண்டாம், எந்தப் பார்க்காக இருந்தாலும் கதை இதுதான். அம்மா கொடுத்தனுப்பியது 500 ரூபாய். வாசலிலேயே ஒரு பலகை: ஃபாஸ்ட் டிராக் டிக்கெட். ஏறக்குறைய நுழைவுச் சீட்டின் விலையை இன்னொரு தடவை கொடுத்தால் தனி வழி. என் ஹாஸ்டல் ரூம்மேட் வாங்கினாள். "உனக்கும் சேர்த்து எடுக்கட்டுமாடி?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே புரியும்.

ரோலர் கோஸ்டர் வரிசையில் மூன்று இருபதுக்கு நின்றேன். பக்கத்தில் கயிறு கட்டிய இன்னொரு பாதை. அதில் அவள் கையசைத்துக்கொண்டே போனாள். இறங்கி வந்து மறுபடியும் போனாள். நாலு ஐம்பதுக்கு சார் விசில் ஊதினார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேர். வரிசையை விட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை.

சரி, சொந்தக் கதை போதும், விஷயத்துக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு முன்னால் விடும் இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து அனஹைமில் 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அந்த வருடம் அக்டோபரிலிருந்தே ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட டிக்கெட் புத்தகம் விற்றார்கள். சின்ன ரைடுக்கு ஏ, கொஞ்சம் பெரியதற்கு பி, இப்படி. 1959-ல் மிகப் பெரிய ரைடுகளுக்கு ஈ டிக்கெட் வந்தது. புத்தகத்தில் ஈ டிக்கெட் சிலதான் இருக்கும். தீர்ந்தால் மறுபடி காசு. ஆகையால் எதில் ஏறுவது என்று ஆள் யோசிப்பான். 1982-ல் இந்தப் புத்தகம் போய்விட்டது. நுழைவுச் சீட்டு ஒன்று வாங்கினால் உள்ளே எல்லாமே ஏறலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போனபின் எதற்கும் காசு இல்லை என்றால் எல்லோரும் அந்தப் பெரிய ரைடுக்குத்தான் போவார்கள். காசு தடுத்த இடத்தில் நேரம் தடுக்க ஆரம்பித்தது. அந்தத் தடுப்புக்குப் பெயர்தான் க்யூ.

வரிசையில் நிற்பவன் ஐஸ்கிரீம் வாங்க மாட்டான், பொம்மைக் கடைக்குள் நுழைய மாட்டான். இது பூங்காக்காரர்களுக்கும் தெரியும். 1999-ல் ஃப்ளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இலவசம். நுழைவுச் சீட்டை மெஷினில் செருகினால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் ஒரு மணி நேர இடைவெளி அச்சாகியிருக்கும். அந்த நேரத்துக்குள் திரும்பி வந்தால் குட்டையான வரிசை வழியாக உள்ளே போகலாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தான் எங்கள் தெருவில் காலங்காலமாகச் செய்கிறோமே! தண்ணீர் வரும் நாளில் விடியற்காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் நமக்காக நிற்கும். எங்கள் அம்மா இன்னும் ஒரு படி மேலே. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ரேஷன் கடை வரிசையில் போய் நிற்கும். ஆள் ஒன்று, வரிசை இரண்டு. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனால் க்யூ விஷயத்தில் அம்மாதான் பட்டதாரி.

குடத்தின் கோளாறும் அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் குழாயடியில் குடம் வைத்துவிட்டு ரேஷன் கடைக்கு வந்தால், ரேஷன் கடை வரிசை நீளும். ஃபாஸ்ட்பாஸிலும் அதே கதைதான். பெரிய ரைடுக்குச் சீட்டு எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த நேரத்துக்குப் பக்கத்து ரைடு வரிசையில் போய் நிற்பார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்.

2013, 2014 வாக்கில் ஃப்ளோரிடாவில் இதைக் கைப்பட்டைக்கும் செல்போனுக்கும் மாற்றினார்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 60 நாள் முன்னாலேயே பதிவு செய்யலாம், மற்றவர்களுக்கு 30 நாள். எங்கே நிற்கிறது என்று பாருங்கள், குடத்தை இரண்டு மாதம் முன்னாலேயே வைக்கலாம்! 2020-ல் கொரோனாவில் எல்லாம் மூடியது. திறந்தபோது இலவச ஃபாஸ்ட்பாஸ் திரும்பவில்லை. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று ஃப்ளோரிடாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலரில் தொடங்கினார்கள். பிறகு நாளுக்கு ஒரு விலை. 2024 ஜூலையில் அதற்கு லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறியது. அதே வருடம் அக்டோபர் கடைசியில் பிரீமியர் பாஸ் என்று ஒன்று வந்தது. நேரம் குறிக்கவே வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆரம்ப விலை, பூங்காவையும் நாளையும் பொறுத்து, ஆளுக்கு 129 முதல் 449 டாலர். நுழைவுச் சீட்டு தனி. டோக்கியோ டிஸ்னியில் 2022-ல் ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு என்று ஆரம்பித்தார்கள். ஆனால் 2023-ல் சில ரைடுகளுக்கு இலவசப் பாஸும் கொடுத்தார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு போடுவோமா?

ஒரு ரைடில் 20 சீட். 72 வினாடிக்கு ஒரு ட்ரிப். அப்படியானால் மணிக்கு 50 ட்ரிப், 1000 பேர். இதை எந்த மேனேஜரும் விருப்பத்துக்கு ஏற்ற முடியாது. ரோலர் கோஸ்டர் தண்டவாளம் பிளாக் பிளாக்காகப் பிரிந்திருக்கிறது. ஒரு பிளாக்கில் ஒரு வண்டி இருக்கும்வரை பின்னால் உள்ள வண்டி அதற்குள் நுழையக் கூடாது, நம் ரயில் சிக்னல் மாதிரியே. ஆகவே காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஆயிரம் ஆயிரம்தான்.

ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆளுக்குக் காத்திருப்பு இல்லை, கடைசி ஆளுக்கு 60 நிமிடம். சராசரி 30. மொத்தம் 30,000 நிமிடம். இதில் 200 பேர் காசு கொடுத்து முன்னால் போகிறார்கள். அவர்கள் 12 நிமிடத்தில் ஏறி முடித்துவிடுவார்கள், சராசரி 6. மீதி 800 பேருக்கு 12-ல் தொடங்கி 60 வரை, சராசரி 36. பெருக்கிக் கூட்டுங்கள். 200 பேருக்கு 1,200. 800 பேருக்கு 28,800. மொத்தம்? அதே 30,000! ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அவர்கள் தலையிலிருந்து இறங்கியது நம் தலையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். நம் துறைக்காரர்களுக்குக் கிர்க்காஃப் முதல் விதி என்றால் சட்டென்று புரியும். ஒரு சந்திப்புக்குள் வருவதும் போவதும் சமம். ஒரு கிளையில் அதிகம் விட்டால் மற்றதில் அந்த அளவு குறைந்தே தீரும்.

இந்தக் கணக்கில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது அடுத்த படி. ஆயிரத்தில் 20 பேர் மட்டும் பாஸ் வாங்கினால் மற்றவர்களுக்குக் கூடுவது சராசரி 36 வினாடி. யாருக்கும் தெரியாது. 200 பேர் வாங்கினால் 6 நிமிடம். 500 பேர் வாங்கினால் 15 நிமிடம். அப்படியென்றால் 449 டாலர் பாஸைப் பார்த்துக் கோபப்படுகிறோமே, அதை வாங்கும் ஆள் குறைவாக இருந்தால் சாதாரண வரிசைக்கு அதனால் வலி அதிகமில்லை. கொஞ்சம் மலிவாக வைத்து நிறையப் பேருக்கு விற்பதுதான் வலி. ஆயிரம் பேருக்கும் விற்றுவிட்டாலோ பாஸ் என்பதே இல்லை, பழைய வரிசைக்கு இரண்டாவது டிக்கெட்! நான் பார்த்த பலகையில் விலை இருந்தது. இன்றைக்கு எத்தனை விற்றோம் என்பது இல்லை.

க்யூவைக் கணக்காக்கியது தொலைபேசிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக இதை ஆராய்ந்து 1909-ல் முதல் கட்டுரை வெளியிட்டார். தொலைபேசி போக்குவரத்தின் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ரூம்மேட்டிடம் இந்த 30,000 கணக்கைக் காட்டினேன். (மூன்றாம் நாளே பேச ஆரம்பித்துவிட்டோம். ஒரே ரூம், ஒரே பக்கெட், எவ்வளவு நாள்தான் பேசாமல் இருப்பது!) அவள் விடவில்லை. "ஃப்ளைட்டுல பிசினஸ் கிளாஸ் இல்லையா? ரயில்ல தட்கல் இல்லையா? அதுக்கெல்லாம் நீ கட்டுரை எழுதலையே?" என்றாள். பிசினஸ் கிளாஸ் வேறு சீட்டு, அதில் உட்காருபவரால் பின்சீட்டுக்காரர் தாமதமாகப் போய்ச் சேர்வதில்லை என்றேன். தட்கலுக்கு என்னிடம் பதில் இல்லை. அதுவும் இதே ரயிலில் எடுத்து வைத்த பெர்த்துதான். நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் தன் போனை எடுத்தாள். ஏறும் இடத்தில் நின்று ஒரு நாலு நிமிட வீடியோ எடுத்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி எண்ணினோம். மேலே நான் போட்ட 20 சீட், 72 வினாடி எல்லாம் அதிலிருந்து எடுத்ததுதான். அதில் மூன்று ட்ரிப் முழுசாக இருந்தது. 60 சீட். ஃபாஸ்ட் டிராக் பாதையிலிருந்து 28 பேர். எங்கள் வரிசையிலிருந்து 28 பேர். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் கயிறு பிடித்துக்கொண்டு ஓர் அண்ணன், நம் வயசுதான் இருக்கும். எத்தனை பேரை எந்தப் பக்கம் விடுவது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஃபாஸ்ட் டிராக்கே இல்லாவிட்டால் அந்த 28 பேரும் எங்கள் வரிசையில்தான் நின்றிருப்பார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்குப் பின்னாலேயே நின்றிருப்பார்கள்.

"நான் இதைக் கண்டுக்கவே இல்லடி" என்றாள் அவள். பிறகு திடீரென்று, "28-ம் 28-ம் 56 தானே? மீதி நாலு எங்கே?" என்றாள்.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நாலு சீட் காலி! இரண்டிரண்டு சீட்டாக இருக்கிற வண்டியில் மூன்று பேராக வந்தவர்கள் பக்கத்துச் சீட்டில் அந்நியரை உட்கார விடாமல், கயிறு பிடித்த அண்ணனும் கேட்காமல், வண்டி அப்படியே கிளம்பியிருக்கிறது. டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில் சில ரைடுகளுக்குத் தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு. சிநேகிதர்களோடு சேர்ந்துதான் உட்காருவேன் என்று அடம்பிடிக்காதவர்கள் அதில் நிற்கலாம். காலிச் சீட் விழும்போது ஒவ்வொருவராக இறக்குவார்கள். காசு கிடையாது. எல்லா ஏற்பாட்டிலும் இது ஒன்றுதான் யாருடைய நிமிடத்தையும் பிடுங்காமல் வரிசையைக் குறைக்கிறது. அது கொடுப்பது, இல்லாவிட்டால் வீணாகப் போகும் சீட்டை.

எல்லா ட்ரிப்பும் அந்த மூன்றைப் போலவே என்று வைத்துக்கொண்டால், நான் நின்ற 90 நிமிடத்தில் 75 ட்ரிப். காலியாகப் போனது நூறு சீட். எனக்கு முன்னால் நின்றது பதினைந்து பேர்!

மூன்றாமாண்டு விசிட்டுக்குத் தீம் பார்க் இருக்கிறதா என்று இன்னும் முடிவாகவில்லை. இருந்தால், ஃபாஸ்ட் டிராக் கவுண்டருக்குப் போகும் முன் ஏறும் இடம் தெரிகிற மாதிரி ஐந்து நிமிடம் நில்லுங்கள். எத்தனை வினாடிக்கு ஒரு ட்ரிப், எத்தனை சீட், எந்தப் பாதையிலிருந்து எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நம் வரிசையில் இருக்கும் ஆட்களை, நம் வரிசைக்கு மணிக்குக் கிடைக்கும் சீட்டால் வகுத்தால் காத்திருப்பு நேரம் வந்துவிடும். வாங்குவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள். வாங்காவிட்டால் ரூம்மேட் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று இருக்கிறது. கயிறு பிடித்த அண்ணன் கண்ணில் படும் தூரத்துக்கு வந்ததும் கையைத் தூக்கி, "அண்ணா, தனியா ஒரு ஆள் இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்.