வெங்காயச் சருகும் இரத்தக் குழாயும்

வெங்காயச் சருகைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். தண்ணீர் பழுப்பு கலந்த மஞ்சளாக மாறும். இந்த நிறத்துக்குப் பெரிதும் காரணம் குவெர்செட்டின் என்னும் பொருள். தாவரங்கள் உண்டாக்கும் ஃபிளேவனாய்டுகள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது இது. நீரிழிவு நோயாளிகளின் இரத்தக் குழாய்களை இது காக்குமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். நீரிழிவுக்கும் இரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா?

நம் இரத்தக் குழாய்கள் அனைத்தின் உட்புறத்திலும் ஒரே ஓர் அடுக்குச் செல்கள் படிந்துள்ளன. அதன் பெயர் எண்டோதீலியம். அதை வெறும் உறை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளின்மேல் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் செலுத்திப் பார்த்தார். உள்ளடுக்கு சிதையாத துண்டுகள் தளர்ந்தன. அதைத் தேய்த்து நீக்கிய துண்டுகளோ தளரவில்லை! ஆகவே, குழாயைத் தளர்த்தும் ஏதோ ஒன்றை அந்த அடுக்கு சுரக்கிறது என்று 1980-இல் அறிவித்தார். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னர் தெரிந்தது. 1998-இல் அவர் உட்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலின் வேண்டும். எண்டோதீலியச் செல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதற்குள்ளும் ஏறும். அப்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பராக்சைடு என்னும் துடுக்கான மூலக்கூறு மிகுதியாக வெளிப்படுகிறது. அது நைட்ரிக் ஆக்சைடுடன் வினைபுரிந்து அதைத் தீர்த்துவிடும். குழாய் தளரும் திறன் குறையும். விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்குழாய்கள் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த எண்டோதீலியச் செல்களுக்கு மிகுந்த குளுக்கோசுடன் குவெர்செட்டினும் கொடுத்தால் சேதம் குறைகிறது. அது துடுக்கு மூலக்கூறுகளுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அடக்குகிறது. செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளையும் தூண்டுகிறது.

"அப்படியானால் பாட்டியின் சர்க்கரை நோய்க்கு வெங்காயமே மருந்து!" என்று துள்ளாதீர்கள். நாம் உண்ணும் குவெர்செட்டினைக் குடலும் கல்லீரலும் வேறு சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன. இரத்தத்தை அடைவது, தட்டில் ஊற்றும் அளவில் சிறு பங்குதான். மனிதர்களிடம் நடந்த சோதனைகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. மாத்திரை விற்கும் விளம்பரங்கள் இந்தச் செய்தியை மட்டும் விட்டுவிடும்! பாட்டி தன் மருந்தை நிறுத்தக் கூடாது. குழம்பில் வெங்காயம் இருக்கட்டும்; உரிக்கும்போது வெளிப்புறச் சதையடுக்கை வீசாதீர்கள், குவெர்செட்டின் அங்கேதான் அதிகம்.

அதனால் இப்போது சில ஆய்வாளர்கள், உடலில் மாறிய அந்தச் சேர்மங்களையே, இரத்தத்தில் காணப்படும் அதே சிறு அளவில் செல்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.