ஐஸ்பிரேக்கர் படித்த மருமகளுக்கு



உன் கடிதம் கிடைத்தது. ஹன்னா கிரேஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியையின் ‘ஐஸ்பிரேக்கர்’ நாவலை ஒரே மூச்சில் முடித்ததாகவும், பயிற்சியும் ஆட்டமும் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் காதல் கட்டங்களை மட்டும் தேடிப் படித்ததாகவும் நீ எழுதியிருந்ததைப் பார்த்தபின், அதே நாவலைப் படித்தவள் என்ற முறையில் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று மனம் உந்துகிறது. இத்தகைய புத்தகங்களை நீ படிக்கலாமா என்று உன் தாயார் விசாரப்படுகிறாள். 2022-இல் ஆசிரியை தாமே வெளியிட்டு, மறு ஆண்டே பெரிய பதிப்பகத்தார் எடுத்து வெளியிட்ட அந்த நூலின் அட்டைச் சித்திரத்தைக் கண்டு சிறுமியர் கதையென்று மயங்குவோர் உண்டு. அது வயது வந்தோருக்கென்றே, படுக்கையறை விஷயங்களையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லி எழுதப்பட்டது. பட்டப்படிப்பை முடிக்கப்போகும் நீ அதைப் படிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. என் ஆட்சேபமெல்லாம் நீ தள்ளிவிட்ட பக்கங்களைப் பற்றியதே.

கலிபோர்னியாவில் ஒரு கற்பனைக் கல்லூரியில், ஹாக்கி ஆட்டக்காரரின் பனித்தளம் பாழாகிவிட, அவர்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் பயில்வோரின் தளத்தில் பங்கு கேட்டு வந்து நிற்கிறார்கள். நாயகி அனஸ்டேசியா கொள்ளும் கோபத்தை வெறும் பிடிவாதமென்று நீ எண்ணியிருக்கக்கூடும். ஹாக்கிக்கு வேண்டுவது நன்கு குளிர்ந்து இறுகிய பனி. தாவி இறங்கும் ஸ்கேட்டிங்குக்கோ, காலணிக் கத்தி சற்றே பதிந்து பிடிப்புக் கொடுக்கும் இளகிய பனி வேண்டும். ஹாக்கிக் கூட்டம் ஆடி முடித்த தளம் உழுத வயல்போல் கீறிக் கிடக்கும்; ஃபிராங்க் ஸாம்போனி என்பவர் அதே கலிபோர்னியாவில் 1949-இல் உருவாக்கிய வண்டி வந்து, மேற்பரப்பைச் சீவி, நீர் பரப்பி உறையவைத்தாலன்றி, அதன்மேல் சுழன்று தாவுவது காலுக்கு அபாயம். ஒலிம்பிக்கையே லட்சியமாகக் கொண்டு, நாளின் ஒவ்வொரு மணியையும் குறிப்பேட்டில் பகுத்து வைத்து வாழும் பெண்ணிடமிருந்து அத்தளத்தின் நேரத்தைப் பறிப்பது எத்தகைய அநியாயமென்று உணர்ந்தவர்களுக்கே, பின்னால் அவள் ஹாக்கி அணித் தலைவன் நேட்டிடம் மனம் இளகுவது எவ்வளவு பெரிய காரியமென்று விளங்கும்.

இதைவிட முக்கியமானது உணவுத் திட்டத்தைப் பற்றிய பகுதி. ஜோடி ஸ்கேட்டிங்கில் ஆடவன் பெண்ணைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டே பனியில் விரைகிறான். அவன் வீசி எறிய, அவள் அந்தரத்தில் சுழன்று ஒற்றைக் காலில் இறங்குகிறாள். தன் எலும்பை இன்னொருவன் கையில் ஒப்புவிக்கும் கலை அது. ஆகவே, தூக்குகிறவன் நான், உன் எடையைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு என்று ஒருவன் வெகு சுலபமாகச் சொல்லிவிடலாம். அனஸ்டேசியாவின் ஜோடியான ஆரன் அப்படித்தான் அவள் உண்பதை வகுத்துக் கொடுக்கிறான். அவளும் அதை ஒழுங்கென்று நம்பிப் பின்பற்றுகிறாள். நேட் அந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு உழைக்கும் உடம்புக்கு இது போதவே போதாது என்கிறான். தானும் விளையாட்டு வீரனாதலால், உழைக்கும் தசைக்கு என்ன வேண்டுமென்று அறிந்து சொல்கிறான், அது முகஸ்துதியன்று. அக்கறை என்ற பெயரில் வரும் அதிகாரத்தையும், அதிகாரம் கலவாத அக்கறையையும் அருகருகே நிறுத்திக் காட்டும் அந்த இடம், எந்த முத்தக் காட்சியைவிடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. குழந்தாய், நாளை உன் வாழ்வில் எவன் வந்தாலும், உன் தட்டையும் உன் நேரத்தையும் உன் வேலையையும் குறித்து அவன் என்ன பேசுகிறான் என்பதைக் கவனி.

நாவலில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். வேண்டியதற்கு மேல் நீளம். ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி ஆசிரியை சொல்வது சொற்பம். ஆரன் காயமுற்ற நாட்களில் நேட் அனஸ்டேசியாவுக்கு ஜோடியாக நின்று பழகுவது அழகான கற்பனைதான். எனினும், ஃபிகர் ஸ்கேட்டிங் கத்தியின் நுனியில் பற்கள் உண்டு, ஹாக்கிக் கத்தியில் இல்லை; ஹாக்கிக் கத்தியில் கைதேர்ந்தவன் மற்றதைக் கட்டிக்கொண்டால் அப்பற்கள் இடறி முகங்குப்புற விழுவது சகஜம். அந்தச் சிரமம் இன்னும் விஸ்தாரமாக வந்திருந்தால் அவனுடைய அன்பின் கனம் கூடியிருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் தோழியர் மெய்யான ஆட்டக்காரர்களின் படங்களை வைத்துக்கொண்டு, இவன்தான் நேட் என்று பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். 2023-இல் சியாட்டில் கிராக்கன் என்னும் ஹாக்கி அணியைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி, இத்தகைய நாவல்களில் ஈடுபட்ட வாசகியர் சிலர் வரம்பு மீறி ஆபாசமாக எழுதப்போய், அவருடைய மனைவியே பகிரங்கமாகக் கண்டிக்க நேர்ந்தது. நேட்டை நீ எவ்வளவு வேண்டுமானாலும் நேசிக்கலாம். அவன் எழுத்தில் பிறந்தவன், அவனுக்கு நாணமில்லை, நோவில்லை. பனியில் ஆடிக் களைத்து வீடு திரும்பும் மனிதனுக்கு மனைவியும் மகவும் மானமும் உண்டு. இந்த விஷயத்தில் தோழியருக்காக நீ இணங்கிப் போகாதே.

தள்ளிய பக்கங்களை இப்பொழுது நிதானமாகப் படி. உணவுத் திட்டம் வரும் பகுதியை உன் தாயாருக்கும் படித்துக் காட்டு. அவளுடைய விசாரம் பாதி குறையும். ஆரன் சுபாவத்திலேயே துஷ்டனா, தோல்விக்கு அஞ்சி அப்படி ஆனவனா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. உன் அபிப்பிராயத்தை அவசியம் எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தை