டயாலிசிஸும் மனச்சோர்வும்

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலர் யாருடனும் பேசாமல் ஒதுங்கிவிடுவது ஏன்?

பதில்: ஒருவர் வேலை, உறவு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் பங்கெடுக்கும் திறனே உளசமூகச் செயற்பாடு எனப்படுகிறது; அது நோயால் மட்டுமன்றிச் சூழலாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு ஏற்றுக்கொண்டுள்ளது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் இவ்விரண்டுமே அத்திறனைக் குறைக்கின்றன. பழுதடைந்த சிறுநீரகம், ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் இயக்குநீரைப் போதிய அளவு சுரக்காததால் சோகை உண்டாகி, அசதி நீங்குவதில்லை. இத்துடன், வாரம் மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் என நீளும் சிகிச்சை பலரது வேலையைப் பறிக்கிறது; சம்பாதித்துப் போட்டவர், பேருந்துக் கட்டணத்துக்கும் மகனிடம் கை நீட்ட நேர்கிறது. தண்ணீரையே டம்ளர் கணக்கில் அளந்து குடிப்பவர், பந்தியில் ரசத்தையும் பாயசத்தையும் மறுத்து, ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லிச் சலித்து, விசேஷங்களையே தவிர்க்கிறார். இதைச் சுற்றத்தார் வீம்பு என்று கருதுவது அநியாயம். எனினும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு சிகிச்சைக்குரிய மனச்சோர்வு நோயாகவும் இருக்கக்கூடும் என்பதால், குடும்பத்தார் அதைச் சிறுநீரக மருத்துவரிடம் தயங்காமல் தெரிவிக்க வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.