வித்துராவில் இருட்டிய பிறகு: பையில் அடங்கும் டார்ச் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளத்து மலையடிவார ஊரான வித்துராவின் கடைத்தெருவில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பொன்முடிச் சாலையிலோ போணக்காட்டுச் சாலையிலோ கொஞ்சதூரம் போனால் நிலைமை வேறு. ரப்பர் மரங்களுக்கு அடியில் நிலா வெளிச்சம்கூடச் சரியாக இறங்காது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இடியோடு இன்னொரு மழை. இரண்டிலும் கம்பியில் மரம் சாய்ந்து கரண்ட் போவது வழக்கம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், கடைசி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடப்பவர், இங்குள்ள ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை முடித்து இரவில் திரும்பும் மாணவர் ஆகிய எல்லாருக்கும் நல்ல டார்ச் ஒன்று தேவை. போனில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். போன் விளக்கு ஐம்பது லுமெனைச் சுற்றித்தான் தரும். அதுவும் ஆபத்துக்கு யாரையாவது கூப்பிட வைத்திருக்கும் சார்ஜைத் தின்றுதான் எரியும்.

படி 1: எதைப் பார்க்க டார்ச் வேண்டும்?

இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். இந்த ஊரில் இரவில் பார்க்க வேண்டியவை இரண்டு: காலடியில் கிடப்பது, தூரத்தில் நிற்பது.

காலடி என்றால் பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். கேரளத்து மலையடிவாரத் தோட்டங்களில் மேல்நோக்கித் தூக்கிய மூக்குடைய சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. காய்ந்த இலைக் குப்பையில் இலை நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். இந்தியாவில் தயாராகும் வழக்கமான விஷமுறிவு மருந்து இதன் கடிக்குப் பயன்படுவதில்லை. ஆகவே மிதிப்பதற்கு முன் கண்ணில் படவேண்டும். அதற்குத் தேவை காலைச் சுற்றி அகலமாக விழும், நிறத்தைச் சரியாகக் காட்டும் மிதமான வெளிச்சம்.

தூரம் என்றால் யானை, காட்டுப்பன்றி, காட்டெருமை. வளைவு திரும்புமுன் ஐம்பது, நூறு மீட்டர் முன்னால் வழி காலியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இங்கே கொஞ்சம் குவிந்த வெளிச்சம் வேண்டும்.

தினமும் நடக்கிறவருக்கு முதல் தேவைதான் பெரிது என்பது என் கட்சி. யானை வரும் வழியில் இருப்பவர் மட்டும் இரண்டாவதற்குக் காசு கொடுக்கலாம்.

படி 2: லுமெனைக் கணக்குப் போட்டுப் பிடியுங்கள்

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 10,000 லுமென், 50,000 லுமென் என்று போட்டிருக்கும். நம்ப வேண்டுமா என்பதை ஒரு பெருக்கல் சொல்லிவிடும்.

விரல் நீளமுள்ள நல்ல லித்தியம் செல் ஒன்றின் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர்-மணி, மின்னழுத்தம் 3.6 வோல்ட். பெருக்கினால் 12.6 வாட்-மணி. அதற்குள் இருக்கும் மொத்தச் சக்தி அவ்வளவுதான். ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் தருகிறது என்றால் அதைத் தேர்ந்த டார்ச் என்று சொல்லலாம். அப்படியானால் 100 லுமெனில் பன்னிரண்டு மணி நேரம், 300 லுமெனில் நாலு மணி நேரம், 1000 லுமெனில் ஒரு மணிக்குச் சற்று மேல். ஒற்றைச் செல்லை வைத்துக்கொண்டு 10,000 லுமெனில் ஐந்து மணி நேரம் எரியும் என்று எழுதியிருந்தால், பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வீட்டு பல்பே போதும். 9 வாட் எல்.இ.டி. பல்பு அறை முழுக்கப் பரப்புவது 900 லுமென் அளவு. அதையெல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பினால் ஏற்படும் பிரகாசம்தான் ஆயிரம் லுமென் டார்ச். நடப்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இன்னொரு சூட்சுமம் சூடு. உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய உருளை ஆயிரம் லுமெனைச் சில நிமிடம்தான் தாங்கும். பிறகு டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைக் குறை என்று எண்ண வேண்டாம், பாதுகாப்புக்காகச் செய்வது. ஆனால் பெட்டியில் எழுதும் எரிநேரம் இந்தக் குறைந்த வெளிச்சத்தையும் சேர்த்தது. எஃப்.எல்.1 என்ற தர அளவுகோலின்படி, தொடக்க வெளிச்சம் பத்து சதவீதத்துக்கு இறங்கும்வரை நேரத்தை எண்ணலாம். ஆகவே ‘உச்சத்தில் எத்தனை லுமென்’ என்று கேட்காமல் ‘300 லுமெனை எத்தனை மணி நேரம் அப்படியே பிடித்து நிற்கும்’ என்று கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் இதை வரைபடமாகவே தருகின்றன.

படி 3: வெளிச்சம் எங்கே விழுகிறது?

தூரத்தைச் சொல்வது லுமென் அல்ல, கேண்டெலா. பெட்டியில் உள்ள கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 2,500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர்; 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். ஆனால் அந்தத் தொலைவில் விழுவது முழுநிலவு அளவு வெளிச்சம்தான். யானையா பாறையா என்று பிரித்தறிய அதில் பாதித் தூரத்தையே நம்பலாம். வித்துராவில் பையில் வைத்துக்கொள்ள 5,000 முதல் 10,000 கேண்டெலா வரை தாராளம்.

தலையை இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச்சுகளைச் சந்தையில் நிறையப் பார்ப்பீர்கள். மழை ஊருக்கு அவை வேண்டாம். இழுக்கும்போதெல்லாம் காற்றோடு ஈரமும் உள்ளே போகும்; குவித்தால் காலடி இருண்டுவிடும்.

படி 4: செல்லைத் தேர்ந்தெடுங்கள்

பழைய மூணு கட்டை டார்ச் நினைவிருக்கும். அந்த இடத்துக்கு இன்று வந்திருப்பது 18650 என்ற செல்: 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். எளிதில் கிடைக்கும், தனியாகக் கழற்றி மாற்றலாம். 21700 அதைவிடப் பெரியது, கொள்ளளவும் கூடுதல். சட்டைப்பையில் கனம் தெரியும்.

கவனம் வேண்டியது போலியில். 18650 அளவில் 3600 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டுவது அரிது. 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்: நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது, போலி காலி டப்பாபோல இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து உரித்த செல்லை யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள்.

உள்ளேயே ஒட்டிவைத்த, கழற்ற முடியாத பேட்டரி வேண்டாம். சில நிறுவனங்கள் தங்கள் சொந்த செல்லை மட்டுமே ஏற்கும்படி செய்கின்றன, அதுவும் தலைவலி. யு.எஸ்.பி.-சி சார்ஜிங் இருந்தால் போன் சார்ஜரே போதும்.

போணக்காடு எஸ்டேட் லயத்தில் பல நாள் கரண்ட் இல்லாமல் இருக்க நேரிடுபவர்களுக்கு வேறு யோசனை: பென்டார்ச் பேட்டரியையும், அதே அளவுள்ள 14500 லித்தியம் செல்லையும் ஏற்கும் டார்ச். பெட்டிக்கடை பேட்டரியிலேயே எரியும். ஆனால் 14500ஐ சுவர்க் கடிகாரத்திலோ ரிமோட்டிலோ போட்டுவிடாதீர்கள். மின்னழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல், கருவி பாழாகும்.

படி 5: சுவிட்சும் பூட்டும்

மூன்று நிலை போதும்: ஒரு லுமெனைச் சுற்றிய மங்கல், 50 முதல் 150 வரை நடப்பதற்கு, 500க்கு மேல் தேடுவதற்கு. அகஸ்தியர்கூடம் மலை ஏறுபவர்களுக்கு அதிருமலை முகாமில் இரவு தங்கும்போது மங்கலின் அருமை தெரியும். பக்கத்தில் தூங்குபவர் திட்டமாட்டார். படபடவென்று மின்னும் நிலை எனக்குத் தேவைப்பட்டதில்லை.

பையில் தானாக எரிந்துகொண்டால் துணி பொசுங்கும் அளவுக்குச் சூடாகும். இதற்கு எளிய பூட்டு உண்டு. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். மரையில் மின்காப்புப் பூச்சு உள்ள டார்ச்சில் சுவிட்சை அழுத்தினாலும் விளக்கு எரியாது. கடையிலேயே இதைச் சோதியுங்கள். மூடி கரகரவென்று மணல் அரைப்பதுபோல் சுற்றினால் அடுத்ததை எடுங்கள். ரப்பர் வளையம் கிழியாமல், லேசான பசையோடு இருக்கவேண்டும்.

படி 6: மழை, மூடுபனி, நிறம்

ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். அதற்குக் குறைவாக இங்கே வாங்கவேண்டாம்.

பொன்முடியின் 22 கொண்டையூசி வளைவுகளில் மூடுபனி இறங்கினால், அதிக வெளிச்சம் கண்ணைத்தான் கூசவைக்கும். நெற்றி விளக்கு இன்னும் மோசம். கண்ணுக்கு அருகிலிருந்தே போகும் ஒளி பனியில் பட்டு நேராகத் திரும்பும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து, வெளிச்சத்தைக் குறைத்து நடங்கள்.

ஆனால் பால் வெட்டுபவருக்கு நெற்றி விளக்குத்தான் சரி, இரண்டு கையும் வேண்டுமே. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்பதை நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் கணிப்பது சிரமம். ஆழம் மிஞ்சினால் மரம் காயப்படும். ஒளியின் நிறவெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வின் வரையும், நிறத் துல்லியக் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90க்கு மேலும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இலைக்குப்பையில் பாம்பைப் பிரித்துக் காட்டவும் இதுவே நல்லது.

படி 7: வாங்கிய பிறகு

யானை நின்றால் அதன் கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்தி, வந்த வழியே பின்வாங்குங்கள். பேப்பாறை சரணாலயப் பக்கம் இரவில் காட்டுக்குள் விளக்கடித்துத் திரிந்தால் வனத்துறையின் கேள்விக்கும் ஆளாவீர்கள்.

வளைகுடாவுக்குப் பறப்பவர்கள் உபரி செல்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்ப அனுமதி இல்லை.

கான்வாய், சோஃபிர்ன், ஃபெனிக்ஸ் போன்ற பெயர்கள் இணையக் கடைகளில் கண்ணில் படும். என் தீர்ப்பு: ஒற்றை 18650, யு.எஸ்.பி.-சி, அகலமான வெளிச்சம், கழுத்துப்பட்டியில் மாட்டும் கிளிப். மிச்சப் பணம் இருந்தால் லுமெனைக் கூட்டாமல் இரண்டாவது செல் ஒன்று வாங்குங்கள். பயன்படுத்தாத மாதங்களில் செல்லைப் பாதி சார்ஜில் வையுங்கள். மே கடைசியில், மழை தொடங்குமுன், இரண்டையும் முழுக்க ஏற்றிவிடுங்கள்.