ஒரு வடிவும் பல சொல்லும்

மொழிக்கு உயிராவது ஒலி; எழுத்து அவ்வொலிக்குக் கண்ணாகக் கொண்ட வடிவு. வடிவு குறைபடின், வேறு வேறாகிய சொற்கள் ஒன்றேபோல் தோன்றிப் பொருள் மயக்கம் விளைப்பது இயல்பு. ஆங்கிலத்தில் ஈயத்தைக் குறிக்குஞ் சொல்லும், வழிநடத்துதலைக் குறிக்குஞ் சொல்லும் எழுதுங்கால் ஒன்றே. ஒலிக்குங்கால் முன்னது லெட், பின்னது லீட். காற்றைக் குறிக்கும் விண்ட் என்பதும், சுற்றுதலைக் குறிக்கும் வைண்ட் என்பதும் அத்தகையனவே. பண்டை எபிரேயர் பெரும்பாலும் மெய்களையே எழுதிவந்தனர். அவர்தம் மூன்று மெய்களைத் தாபார் என்று படிப்பின் ‘சொல்’ என்பது பொருள். அவற்றையே தெபெர் என்று படிப்பின் ‘கொள்ளைநோய்’ என்பது பொருள். உயிர்க்குறிகள் பிற்காலத்தே சேர்க்கப்பட்டன.

தமிழோ எழுதியவாறே படிக்கப்படும் மொழி என்று நாம் பெருமை பாராட்டுகின்றோம். அப்பெருமை முழுவதும் தொன்றுதொட்டு வந்ததன்று. நம் எழுத்திலும் இம்மயக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனை அறிதற்குப் புன்னைக்காயல் நல்லதோர் வாயிலாகும்.

பொருநை கடலொடு கலக்கும் இடத்துள்ள இவ்வூரைத் தம் பணிக்கு நிலைக்களனாகக் கொண்டவர் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டில் 1520ஆம் ஆண்டிற் பிறந்து, 1546இல் இந்தியா போந்து, முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் உழைத்து, 1600ஆம் ஆண்டு மறைந்தவர். தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் ஒன்றும் வரைந்தார். அவர் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கொண்ட அச்சிறுநூலே தமிழெழுத்தால் அச்சான முதல் நூலென்பர். அடுத்த ஆண்டு கிரீசித்தியானி வணக்கம் கொச்சியில் வெளிவந்தது.

இந்நூல்களின் அச்செழுத்துக்கள் அக்காலத்து ஏட்டு வழக்கையே பின்பற்றியவை. ஆகவே அவற்றில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவு வேற்றுமையில்லை. மெய்யும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பவும், ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஏடு கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் அதனை விட்டனர் என்பர். அச்சுக்கு அவ்வச்சம் இல்லையெனினும் பழக்கம் தொடர்ந்தது.

இதனால் மயங்கிய சிறுசொற்களை மூவகையாகப் பகுத்துக் காண்போம்.

முதலாவது, புள்ளியின்மையால் மயங்குவன. பல என்பது பன்மை, பல் என்பது உறுப்பு. உள என்பது இருப்பன, உள் என்பது அகம். கல என்பது சேர்க்க என்னும் ஏவல், கல் என்பது பாறை. புள்ளி நீங்கின் இவ்விரண்டிரண்டும் ஒன்றாம்.

இரண்டாவது, குறில் நெடில் மயங்குவன. எரி நெருப்பு, ஏரி நீர்நிலை. எழு என்பது ஏவல், ஏழு எண். பெறு என்பது வினை, பேறு அதனால் வரும் நலம். பெய் என்பது மழையின் தொழில், பேய் தீய ஆவி. கொடு என்பது ஈகை, கோடு கிளையும் கொம்பும். பொய் வாய்மைக்கு மறுதலை, போய் என்பது எச்சம். கொல் என்பது உயிர் நீக்குதல், கோல் ஆயன் கைக்கொள்வது. ஆட்டைக் காக்குங் கோலும் அதனைக் கொல்லும் வினையும் ஒரே வடிவில் நின்றன என்றால், படிப்போன் நாவுக்கு எத்துணைப் பொறுப்பு இருந்தது என்பதை உய்த்துணர்க.

மூன்றாவது, ரகரமும் காலும் மயங்குவன. ஏட்டெழுத்தில் இவ்விரண்டிற்கும் வடிவு ஒன்றே. ஆதலின் பாவை என்பதும், கடலைக் குறிக்கும் பரவை என்பதும் ஒன்றாயின. நாகம் என்பதும் நரகம் என்பதும் அவ்வாறே.

அங்ஙனமாயின் முன்னோர் எவ்வாறு பிழையறப் படித்தனர்? செய்யுளாயின் யாப்பு காவல் செய்யும். எரி என்பது நிரையசை ஒன்று. ஏரி என்பது நேரசை இரண்டு. பொருந்தாததைக் கொண்டால் தளை தட்டும். எதுகையிலும் முதலெழுத்து அளவொத்து நிற்றல் வேண்டுமாதலின், குறிலோ நெடிலோ என்பது புலனாகும். உரைநடைக்கு இக்காவல் இல்லை. ‘ஏரி பெரிது’ என்பதும் ‘எரி பெரிது’ என்பதும் பொருள் பொருந்துவனவே. முன்பின் நோக்கியே துணிதல் வேண்டும். அண்டிரிக் அடிகளாரின் நூல்களோ உரைநடை. அவற்றைப் பொருளறிந்தார் ஒருவர் உரக்கப் படிப்ப, ஏனையோர் செவியாற் கொள்ளுதலே தக்க வழி. ஆசிரியன் அருகில்லாதவனுக்கும் நூல் பயன்படல் வேண்டுமெனின், காவலை எழுத்தே ஏற்றல் வேண்டும் என்பது எம் கருத்து.

அக்காவலை நல்கியவருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர், நெல்லைச் சீமையிலும் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747). அவர் குறிலை வாளா விட்டு, நெடிலுக்கு வேறு குறி வகுத்தார் என்பது அறிஞர் கூற்று. ஏகாரத்தின் கீழ்க்கோடும், ‘கே’ என்பதன் இரட்டைச் சுழியும் நாம் இன்று எண்ணாமலே எழுதுவன. எண்ணாமல் எழுத இயலுவதே அச்சீர்திருத்தத்தின் வெற்றியன்றோ!

இனி, இச்செய்தி பழங்கதை மாத்திரம் அன்று. 1554ஆம் ஆண்டிலேயே லிஸ்பன் நகரில் தமிழ் ஞானவுபதேச நூல் ஒன்று உரோமன் எழுத்தில் அச்சாயிற்று. உரோமன் நெடுங்கணக்கில் லகர ளகர ழகரங்களுக்குத் தனித்தனி எழுத்தில்லை. ரகர றகரங்களுக்கும் இல்லை. இன்று நம் மாணவர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதுங்கால் நிகழ்வதும் இதுவே. வலி, வளி, வழி என்னும் மூன்றும் ஒன்றாகின்றன. ஒலி, ஒளி, ஒழி என்பனவும் ஒன்றாகின்றன. கரையும் கறையும் வேறுபாடு இழக்கின்றன. இரை எது, இறை எது என்று அறிய இயலாது போகின்றது. நண்பர் இருவர் தம்முள் எழுதிக்கொள்ளும்போது இடம் நோக்கி உணர்வர். ஆயின் எழுத்தைக் கண்டே மொழி பயிலும் இளைஞர்க்கு அம்மூன்று ழகர லகர ளகரங்களும் நாவிலும் ஒன்றாய்விடும் என்று அஞ்சுகின்றோம்.

எழுத்தாணிக்குப் புள்ளி இடையூறாயிருந்தது. நம் கருவிகட்கோ எவ்வெழுத்தும் இடையூறன்று. ஒரு புள்ளியும் ஒரு சுழியும் பெறுதற்கு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. பெற்றதைச் சோம்பலால் இழவாது, தமிழைத் தமிழெழுத்தாலேயே எழுதுவோமாக.