விலா எலும்புக்கு ஏன் ஆறு மணி நேரம்?

பன்றி இறைச்சித் துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டி, பிறகு மூன்று நிமிடம் அப்படியே இருந்தால் அது உண்பதற்குப் பாதுகாப்பானது. அமெரிக்க வேளாண்மைத் துறை 2011 முதல் தரும் அளவு இது. அப்படியானால், அந்நாட்டின் மெம்ஃபிஸ், கன்சஸ் சிட்டி போன்ற நகரங்களில் விலா எலும்பை ஐந்து, ஆறு மணி நேரம் புகையடுப்பில் வைத்திருக்கிறார்களே, ஏன்? வெந்ததை மறுபடியும் வேகவைப்பது வீண்வேலை அல்லவா?

63 டிகிரியில் எடுத்துக் கடித்துப் பார்த்தால் காரணம் புரியும். ரப்பரைக் கடிப்பதுபோல் இருக்கும். கிருமிகள் அழிவது ஒரு மாற்றம்; இறைச்சி மென்மையாவது முற்றிலும் வேறொரு மாற்றம். இரண்டாவதற்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். (பன்றி இறைச்சி உண்ணாத மாணவர்கள் ஆட்டு விலாவை நினைத்துக்கொண்டே படிக்கலாம். வேதியியல் ஒன்றுதான்.)

விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் வேலை செய்பவை. அதிகம் உழைக்கும் தசையில் இணைப்புத் திசு அதிகம். அந்தத் திசுவின் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று நூல்களை ஒன்றோடொன்று முறுக்கிய கயிறுபோல் அதன் மூலக்கூறு அமைந்திருக்கும். ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டும்போது இந்தக் கயிறு சுருங்கி, தசையிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. நாம் கடித்த ரப்பர் இதுதான். பலர் இந்தக் கட்டத்தில் “இறைச்சி கெட்டுவிட்டது” என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமல் இன்னும் சூடேற்றினால், 70 டிகிரிக்கு மேல் கயிற்றின் முறுக்கு மெல்ல மெல்லப் பிரிகிறது. பிரிந்த நூல்கள் நீரில் கரைந்து ஜெலட்டின் ஆகின்றன. இழந்த நீருக்குப் பதிலாக வாயில் வழவழப்பையும் சாற்றையும் தருவது இந்த ஜெலட்டின். நடுப்பகுதி 90 முதல் 95 டிகிரி வரை வரும்போது விலா பதமாக இருக்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் துண்டு நன்றாக வளைந்து, மேற்பரப்பில் வெடிப்பு தெரியும்.

வெப்பத்தைக் கூட்டி ஒரே மணி நேரத்தில் முடிக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. உள்ளே கயிறு பிரிவதற்குள் வெளியே கரிந்துவிடும். அதனால்தான் புகையடுப்பை 110 முதல் 120 டிகிரிக்குள் வைக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. அடுப்பு 110 டிகிரியில் இருந்தாலும், இறைச்சியின் வெப்பநிலை 65, 70 டிகிரிக்கு வந்ததும் ஏறாமல் நின்றுவிடும். பெரிய துண்டுகளில் இது சில மணி நேரம்கூட நீடிக்கும். மெல்லிய விலாவில் குறைவு. கொலாஜன் கரைய வெப்பம் செலவாவதால் இப்படி நிற்கிறது என்று சமையற்காரர்கள் பலர் நம்பினார்கள். கிரெக் பிளாண்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இறைச்சியோடு ஈரமான ஸ்பாஞ்சு ஒன்றையும் கொழுப்புக்கட்டி ஒன்றையும் சூடேற்றிப் பார்த்தார். கொழுப்பின் வெப்பநிலை நிற்காமல் ஏறியது. கொலாஜனே இல்லாத ஸ்பாஞ்சு, இறைச்சியைப்போலவே நின்றது! ஆக, காரணம் நீர்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். கொதிநிலையில் அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். அதாவது ஐந்நூறு மடங்குக்கும் மேல். அடுப்பு தரும் வெப்பத்தை எல்லாம் மேற்பரப்பில் ஆவியாகும் நீரே எடுத்துச் சென்றுவிடுகிறது. நீச்சல் குளத்திலிருந்து ஏறியதும் காற்றில் நடுங்குகிறோமே, இறைச்சிக்கும் அதே கதை. இதற்குத் தீர்வு எளிது: அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றிவிட்டால் ஆவி வெளியேற முடியாது, வெப்பநிலை மீண்டும் ஏறும். அமெரிக்கர்கள் “3-2-1” என்று சொல்லும் முறை இதைத்தான் பயன்படுத்துகிறது. மூன்று மணி நேரம் புகை, இரண்டு மணி நேரம் தாளுக்குள், கடைசி ஒரு மணி நேரம் தாளைப் பிரித்துப் பழப்பூச்சு.

புகை ஏன் முதலில்? புகையிலுள்ள சேர்மங்கள் ஈரமான, குளிர்ந்த பரப்பில்தான் நன்றாகப் படியும். மரத்தின் லிக்னின் சிதையும்போது வரும் குவையகோல், சிரிங்கோல் ஆகியவை அந்த மணத்தைத் தருகின்றன. மரம் எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு, தசையின் மயோகுளோபினிலுள்ள இரும்போடு பிணைந்து, விளிம்பை அழியாத இளஞ்சிவப்பாக்குகிறது. அது வேகாத இறைச்சி அல்ல. வேகாத சிவப்பு நடுவில் இருக்கும். புகைச் சிவப்பு ஓரத்தில் இருக்கும்.

கார்பன் மோனாக்சைடும் மயோகுளோபினோடு இப்படிப் பிணையும். அதே வாயுவைச் சுவாசித்தால் அது நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். ஆகவே கரி அடுப்பை வீட்டுக்குள் ஒருபோதும் மூட்டாதீர்கள். சமையலறைச் சன்னலைத் திறந்துவைத்தாலும் வேண்டாம். கூடாரத்துக்குள்ளும் வேண்டாம். மழை வந்தால் அடுப்பை உள்ளே இழுக்காமல், சமையலை நிறுத்துங்கள்.

அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு வேறு வழி இருக்கிறது. உப்பும் மிளகும் தடவிய விலாவை அலுமினியத் தாளில் சுற்றி, மின் அடுப்பில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் வையுங்கள். மென்மை அங்கேயே வந்துவிடும். பிறகு தாளைப் பிரித்துப் பூச்சைத் தடவி, அரை மணி நேரம் திறந்தபடி வையுங்கள். புகை மணம் வேண்டுமென்றால், பூச்சில் சில துளி திரவப் புகை போதும். அது மரப்புகையைக் குளிரவைத்துப் பிடித்த நீர். கன்சஸ் சிட்டி மருந்தாளர் ஏர்னஸ்ட் ரைட் 1895இல் விற்கத் தொடங்கியது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அடுப்புக் குழிக்குப் பதிவு செய்திருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் அங்கே முடிக்கலாம். கொழுப்பு நேரே தணலில் சொட்டாமல் துண்டுகளை ஓரமாக வையுங்கள். சொட்டிய கொழுப்பின் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு. புகையூட்டிய இறைச்சியை வாராவாரம் உண்ணாமல், எப்போதாவது ஒருமுறை உண்பது நல்லது என்பது என் கருத்து.

பூச்சு கடைசியில்தான் வரவேண்டும் என்பதற்கும் காரணம் வெப்பநிலையே. வெள்ளைச் சீனியின் சுக்ரோஸ் ஏறத்தாழ 160 டிகிரியில் கருகத் தொடங்கும். பழத்தின் பிரக்டோஸோ 110 டிகிரியிலேயே நிறம் மாறும். ஆறு மணி நேரமும் பூசி வைத்தால் இனிப்பு போய்க் கசப்புதான் மிஞ்சும். ஒரு கோப்பை அன்னாசிச் சாறு, இரண்டு கரண்டி பழுப்புச் சீனி, ஒரு கரண்டி வினிகர், கொஞ்சம் மிளகாய்த் தூள். பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்தால் பூச்சு தயார்.

கொதிக்கவைக்காமல் பச்சைச் சாற்றில் இறைச்சியை இரவு முழுதும் ஊறவைத்தால் என்ன ஆகும்? அன்னாசியில் புரோமெலின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும் கத்தரிக்கோல். மறுநாள் இறைச்சியின் மேற்பரப்பு மென்மையாக இருக்காது, மாவுபோல் குழைந்திருக்கும். கொதித்த சாற்றில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது.

இதை இறைச்சி இல்லாமலே சோதிக்கலாம். ஜெலட்டின் ஜெல்லிக் கரைசலை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி ஆறவிடுங்கள். ஒன்றில் புதிதாக நறுக்கிய அன்னாசி, மற்றதில் டின் அன்னாசி. இரவு முழுதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்றாவது கிண்ணத்தில் ஆறிவரும் அகர்-அகர் கரைசலை ஊற்றி, அதிலும் புதிய அன்னாசியைப் போடுங்கள். மறுநாள் காலை எது உறைந்திருக்கிறது, எது நீராகவே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அகர்-அகர் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்து வகைப் பொருள், புரதம் அல்ல. மூன்றாவது கிண்ணத்தின் முடிவை அதை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.