அப்பாவின் பட்டறைக்கு ஒரு வேலை மேசை

(இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

தச்சு வேலைக்கு முதன்மையான கருவி எது என்று கேட்டால் சிலர் உளி என்பார்கள். சிலர் இழைப்புளி என்பார்கள். மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவியே முதன்மையானது என்பேன் நான். எங்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளாக அந்தக் கருவி என் தந்தையாரின் காலாகவே இருந்தது.

என் தந்தையார் தச்சர். வீட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. தரையில் உட்கார்ந்து, பலகையின் ஒரு முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, மறுமுனையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு இழைப்பார். சென்ற ஆண்டு அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. இனிக் குந்தி வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். "குந்தாமல் என்ன தச்சு வேலை, தம்பி?" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பின் செலவும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வருகிறது. ஆகவே அவர் நின்றபடி வேலை செய்ய ஒரு மேசை செய்வதென்று முடிவு செய்தேன். அதில் நான் கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் முயற்சி

விடுமுறையில் ரீப்பர்க் கட்டைகளைக் கால்களாக நிறுத்தி, முக்கால் அங்குலப் பலகையை மேலே ஆணியடித்து ஒரு மேசை செய்தேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அப்பா ஒரு சன்னல் சட்டத்தை அதன்மேல் வைத்து இழைத்தார். நான்கு தள்ளலில் மேசை ஓர் அடி நகர்ந்தது. காலடியில் கல் வைத்துத் தடுத்தோம். நகர்வது நின்று, ஆடத் தொடங்கியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு உறுத்தியது.

எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு பழைய படத்தைக் காட்டினார். ஆந்திரே ழாக்கோப் ரூபோ என்ற பிரெஞ்சுத் தச்சர் 1769-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தச்சுக்கலை நூலில் உள்ள வேலை மேசையின் படம் அது. தடித்த மேற்பலகை, பருத்த நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அவ்வளவுதான். ரூபோவும் ஒரு தச்சரின் மகன் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குத் தைரியம் பிறந்தது.

கனமும் உராய்வும்

முதல் மேசை ஏன் தோற்றது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இழைக்கும்போது கை ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறது என்று கொள்வோம். மரத்துக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.4 என்று கொள்வோம். 25 கிலோ மேசைக்கு உராய்வு 10 கிலோ எடைக்குத்தான் சமம். ஆகவே அது நகர்ந்தே தீரும். 80 கிலோ மேசைக்கு 32, அது நகராது.

கவிழ்வதும் அப்படியே. 31 அங்குல உயரத்தில் குறுக்குவாட்டில் 15 கிலோ விசை தள்ளினால் திருப்புத்திறன் 465. மேசையின் அகலம் 24 அங்குலம் என்றால் ஈர்ப்பு மையம் ஓரத்திலிருந்து 12 அங்குலத்தில் இருக்கும். 25 கிலோ மேசை எதிர்க்கக்கூடியது 300. 80 கிலோ மேசை எதிர்க்கக்கூடியது 960. மற்ற இடங்களில் கனம் ஒரு குறையாக இருக்கலாம். வேலை மேசைக்கு அதுவே பலம்.

மரமும் அளவும்

2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் எங்கள் கொல்லை வேப்பமரம் சாய்ந்தது. அப்பா அதை அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி நிழலில் காயவைத்திருந்தார். தடிமனில் ஓர் அங்குலம் காய ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. வேம்பைக் கரையானும் எளிதில் தீண்டாது.

மேற்பலகை 5 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலத் தடிமன். கால்கள் நான்கு அங்குலச் சதுரம். உயரத்தைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டு வரும் இடமே உயரம். அப்பாவுக்கு 31 அங்குலம். அதைவிட உயர்ந்தால் இழைப்புளியின்மேல் உடலின் பாரம் இறங்காது. தாழ்ந்தால் இடுப்பு வலிக்கும்.

ஆடாமல் நிற்க

ஓர் ஆணியை மட்டும் அடித்த மூட்டு, கீல் போலத் திரும்பும். செவ்வகம் சாய்ந்து இணைகரமாகிவிடும். முக்கோணம் அப்படிச் சாயாது. எனவே மூலைகளில் குறுக்குக் கட்டை கொடுக்கலாம் என்றேன். "முட்டி இடிக்கும்" என்றார் அப்பா. அவர் சொன்ன வழி வேறு. காலில் ஆழமான துளை. 4 அங்குல அகலச் சட்டத்தின் முனையில் அதற்கேற்ற நாக்கு. நாக்கை நுழைத்து ஆப்பு அடித்து இறுக்குவது. அகலமான நாக்கின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எதிரெதிர்த் திசையில் அழுத்துவதால் மூட்டு திரும்ப இயலாது. நான் பாடத்தில் படித்த இரட்டை விசை அதுவே. அப்பா பெயர் தெரியாமலே அதை முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார்.

மற்றொன்றையும் அவரே தடுத்தார். மேற்பலகையை நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கப் போனேன். "மரம் செத்தாலும் தண்ணி குடிக்கும், தம்பி. ஐப்பசியில் பார்" என்றார். மரம் நீளவாட்டில் அநேகமாக மாறுவதில்லை; அகலவாட்டில் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். 2 அடி அகலத்தில் இந்த மாற்றம் கால் அங்குலம் வரைகூட வரலாம். ஆகவே முன்பக்கத்தை இறுக்கி, பின்பக்கத்துத் துளைகளை மட்டும் நீள்துளைகளாக இட்டோம். இல்லையென்றால் மழைக்காலத்தில் பலகை கோணியிருக்கும், வெயிலில் வெடித்திருக்கும்.

பல வேலைக்கு ஒரு மேசை

இடது முனையில் ஒரு சதுரத் துளையிட்டு, தட்டினால் ஏறி இறங்கும் கட்டை ஒன்றைப் பொருத்தினோம். இழைக்கும் பலகை அதில் முட்டி நிற்கும். முன்பு சுவர் செய்த வேலை அது. மேற்பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் சிலவும் இட்டோம். ஊர்க் கொல்லர் கைத்தடி போல வளைத்துக் கொடுத்த இரும்புக் கொக்கியைத் துளையில் விட்டு மேலே ஒரு தட்டு தட்டினால், அது சாய்ந்து துளையின் இரு பக்கமும் கவ்விக்கொள்ளும், மரம் அசையாது. பின்புறம் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். அப்பாவின் பாதம் செய்த வேலை இது. கால்களின் முன்முகம் மேற்பலகை விளிம்போடு ஒரே சமமாக இருப்பதால், கதவையும் விளிம்பில் நிறுத்திச் சாய்த்து இழைக்கலாம். உளி வேலையைக் காலுக்கு நேர் மேலே வைத்துச் செய்ய வேண்டும். அங்கே அடித்தால் பலகை துள்ளாது.

முடிவுரை

மேசையை நிறுத்திய அன்று அப்பா ஒரு பலகையை வைத்து நின்றபடியே இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. மேசை அசையவில்லை. "நிற்குது" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே, வேண்டாமென்று திருப்பிவிட்ட கதவு வேலை ஒன்றை மறுபடி ஒப்புக்கொண்டார். முழங்கால் வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் பட்டறை மூடவில்லை.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டிலும் உடம்பையே கருவியாக்கி உழைப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் ஆய்வகத்தில் கற்பதை ஒருமுறை அவர்கள் முன் வைத்துப் பார்ப்போம். அவர்கள் திருத்துவதையும் கேட்டுக்கொள்வோம். இந்தப் பருவத் தேர்வுக்கு நான் அந்த மேசையில்தான் படித்தேன். "ஆணி கிடக்கும், பார்த்து நோட்டை வை" என்று அப்பா சீவலைக் கையால் தள்ளி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.